பெட்டிக்காரி சொன்ன பொய்

“யாரு தொட்டது? அத மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம். யாரு தொட்டது?”

“மெதுவாப் பேசுங்க. தெருவே கேட்டுக்கிட்டிருக்கு.”

“கேக்கட்டும்! என் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியல. தெருவுக்காவது தெரியட்டும்!”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்காக எங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. சவுண்டுக்காரர் வீட்டு கேட்டில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே ரிக்கார்டிங் நடக்கிறது, தெரு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். ஹாரன் கூடாது, மிக்சி கூடாது, பிள்ளைகளை அடிக்கக் கூடாது. அடி விழுவதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை, அழுகைதான் மைக்கில் விழும். அன்றைக்குச் சண்டை மும்முரத்தில் துண்டை எடுக்க மறந்துவிட்டார்கள். நாங்களும் பழக்கதோஷத்தில் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தோம். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் துணிமேல் வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இப்படி ஒரு நிசப்தத்தில் நடந்த சண்டை எங்கள் தெரு கண்டதில்லை. ஒரு சொல் சிந்தவில்லை.

“மாமா, நான் சொல்றதக் கொஞ்சம் காது குடுத்து...”

“காதப் பத்தி நீ பேசாத! உன் பேச்சக் கேட்டுத்தானே அந்தப் பொம்பள எங்கிட்ட இத்தன நாளா பொய் சொன்னா!”

பொம்பளை என்றதும் எதிர்வீட்டு நர்ஸ் ஜன்னல் திரையை முழுசாகவே விலக்கினார். டியூட்டி முடிந்து வந்து தூங்க வேண்டியவர், பாவம். ஆனால் அந்தப் பொம்பளை யார் என்பது தெருவுக்குத் தெரியும். அது பெட்டிக்காரி. நர்ஸ் திரையைப் பாதி மூடினார். முழுக்க மூடவில்லை.

சவுண்டுக்காரருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாட்டோ பாடமோ விளம்பரமோ, முன்னறையில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, ஏற்றி இறக்கிச் சீராக்கிக் கொடுப்பது தொழில். முதலில் திருகுகளும் பட்டன்களும் வைத்த மேசை மெஷின் ஒன்று வைத்திருந்தார். தடவினால் எல்லாம் விரலுக்குத் தெரியும். அது வாயைப் பிளந்து, உதிரிப்பாகமும் கிடைக்காமல் போனபின் கம்ப்யூட்டருக்கு வந்தார். கம்ப்யூட்டரில் திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டே, பெண் குரல், அவளுக்குத்தான் தெரு பெட்டிக்காரி என்று பேர் வைத்தது. கடுகு வெடிக்கிற வேகத்தில் பேசுவாள், அவர் ஒருவருக்குத்தான் புரியும். ஆனால் பாட்டு ரிக்கார்டிங் செய்கிற மென்பொருளைக் கண் உள்ளவர்கள் கண் உள்ளவர்களுக்காகச் செய்து வைத்திருந்தார்கள். எல்லாம் படம், கோடு, வர்ணம். பேர் எழுதாத படத்தைப் பெட்டிக்காரி எதைக் கொண்டு படிப்பாள்? எங்கே போனாலும் “பட்டன், பட்டன், பட்டன்” என்றாள்.

“பட்டன்னு தெரியுதுடி, என்ன பட்டன்? சட்டைப் பட்டனா?” என்று அவர் கத்துவார்.

“சட்டைப் பட்டன் எங்கிட்ட இருக்கு, வேணுமா?” என்று உள்ளறையிலிருந்து அவர் மனைவி கேட்பாள்.

அந்த அம்மாள் தையல்காரி. தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லவும் மாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவளோடு எங்களுக்கு வருத்தம் உண்டு. இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர். அவர் பதிவு செய்யும்போது சுவரைத் தட்டுவார், இவள் தையல் மெஷினை நிறுத்துவாள். மறுபடி தட்டினால் மிதிப்பாள். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்காரிக்கு வாய் கொடுத்தவன் தம்பி. தையல்காரியின் உடன்பிறந்த தம்பி, அதனால் தெருவுக்கே தம்பி. புரோகிராம் எழுதத் தெரியும், நிலையான வேலை கிடையாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது மாமாவுக்கு அதிர்ஷ்டம். மென்பொருளுக்கும் பெட்டிக்காரிக்கும் நடுவில் ஒரு இணைப்பு எழுதினான். அவர் தட்டிப் பார்த்து “இது ஊமை” என்பார். அவன் அதற்கு ஒரு பேர் எழுதிப் பேச வைப்பான். “இது உளறுது” என்பார். திருத்துவான். மழைக்காலம் முழுக்க அந்த அறையில் இருவரும் பன்னும் டீயுமாகக் கிடந்தார்கள். அவன் எழுதி முடித்ததும் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு தானே ஓட்டிப் பார்ப்பான். ஒருநாள் கட்டிய கண்ணோடு எழுந்து, கதவு நிலையில் முட்டிக்கொண்டான்.

“மச்சான், கதவுக்கும் பேர் எழுதணுமா?” என்றார் மாமா. அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக் குளியலறை வரை கேட்டது. எங்கள் குளியலறை ஜன்னலும் அவர்கள் ஜன்னலும் முகத்துக்கு முகம். கட்டியவன் செய்த வேலை, நாங்கள் என்ன செய்ய?

இணைப்பை யார் கேட்டாலும் கொடுத்தார்கள். பல ஊர்களிலிருந்து பார்வையில்லாத பாட்டுக்காரர்கள், பதிவுக்காரர்கள் போன் செய்து சவுண்டுக்காரரிடம் சந்தேகம் கேட்டார்கள். அவர் வாத்தியார் தோரணையில் காலை நீட்டிக்கொண்டு பதில் சொல்வார். அவருடைய பாடத்தில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்.

“மவுசக் கழட்டித் தூரப் போடு. அது பேசாத ஜீவன். கீபோர்டத் தொட்டா அவ சொல்லிருவா, மவுசால தொட்டா மூச்சு விடமாட்டா. பக்கத்துல ஒருத்தன் உக்காந்து உன் வேலையத் தலைகீழாக் கவுத்தாலும் உனக்குத் தெரியாது.”

அவர் வீட்டு மவுசும் முன்னறையை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தது. தையல் மெஷின் டிராயரில், பாபினும் ஊசியும் கிடக்கிற இடத்தில் கிடந்தது. பூனைக்குப் பயந்து எலி ஒளியும், இந்த வீட்டில் மாமாவுக்குப் பயந்து ஒளிந்தது என்று தம்பியே சொல்லிச் சிரிப்பான்.

எல்லாம் பேசின, ஒன்றைத் தவிர. பாட்டு ஓட ஓட எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எங்கே வாத்தியம் இறங்க வேண்டும் என்று வால்யூமுக்கு ஒரு கோடு போடுவார்கள். கண் உள்ளவன் மவுசால் புள்ளி வைத்து இழுத்துவிடுவான். தம்பி அதையும் கீபோர்டுக்குக் கொண்டுவந்தான். அவர் தட்டினார், குரல் ஏறியது, இறங்கியது, “கோடு பதிவாகிவிட்டது” என்றாள் பெட்டிக்காரி. அன்றைக்குத் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். “இனிமே முதல்லேருந்து கடைசிவரைக்கும் ஒருத்தன் தொணையில்லாம ஒரு பாட்ட முடிக்கலாம்” என்று ஊர் ஊராகப் போனில் சொன்னார். தம்பி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தக் கோட்டில் முடித்த முதல் பாட்டு பஸ் டிப்போ பாட்டுக்குழுவினுடையது. போன வேகத்தில் திரும்பி வந்தது. “சார், எல்லாம் ஒரே மட்டமா இருக்கே, ஏத்த எறக்கமே இல்லையே” என்றார் அந்தக் குழுவில் பாடும் கண்டக்டர், பயணியிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற பணிவோடு. சவுண்டுக்காரர் அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. கண் இல்லை என்று அந்த மனுஷன் கலங்கி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு காதையும் மாறி மாறிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. ஏத்தினேன், எறக்கினேன், என் காதாலயே கேட்டேன். அவங்களுக்கு மட்டமா இருக்குன்னா... காது போகுதோ என்னமோ.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, சளி புடிச்சிருக்கும்” என்றாள் தையல்காரி.

அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் திரும்பி வரவில்லை. டிப்போ பாட்டும் இரண்டாம் தடவை போனபோது பிரமாதமாகப் போயிற்று. ‘கடைசி வண்டி போயிடுச்சு, நடந்தே வந்துடுறேன்’ என்று கண்டக்டர் பாடும் இடத்தில் வாத்தியமெல்லாம் ஒதுங்கி நிற்க, குரல் மட்டும் தனியாக எழும். டிப்போ வாசலில் போட்டுக் கேட்டு டிரைவர்கள் கண்ணைத் துடைத்தார்களாம். அதுதான் கம்பெனி வரைக்கும் எட்டியது. அந்த மென்பொருளைச் செய்கிற கம்பெனியிலிருந்தே ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ, சேற்றில் எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் தெருவில் கொக்கு மாதிரி நின்றார்.

“நீங்க தனியா பண்ணதா சார் இது?”

“ஒருத்தர் கை படல” என்றார் சவுண்டுக்காரர். “அந்த இடம் இருக்கே, அதுக்கு நான் ஒண்ணுமே பண்ணல. வாத்தியத்த மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னேன்.”

அடுத்த பதிப்பில் இணைப்பை உள்ளேயே சேர்ப்பதாகவும், பெரிய மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி அவரே மேடையில் ஒரு பாட்டை முடித்துக் காட்ட வேண்டும் என்றும், அது நன்றாக நடந்தால் தம்பிக்குக் கம்பெனியில் வேலை என்றும் சொல்லிவிட்டுப் போனார். தையல்காரி அன்றைக்கே தம்பிக்கு முழுக்கைச் சட்டை வெட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் வேறோர் ஊரிலிருந்து பாட்டு டீச்சர் போன் செய்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. இணைப்பை நம்பி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாட்டுப் பாடங்கள் பதிவு செய்து கொடுக்கும் வேலையை எடுத்திருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“அண்ணா, கோடு நிக்க மாட்டேங்குது. மூடிட்டுத் திறந்தா எல்லாம் போயிடுது.”

“பதிவாகிவிட்டதுன்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னா அண்ணா.”

“சொன்னாள்ல? அப்ப பதிவாயிருக்கும். நீ அப்புறம் எதையாவது தட்டியிருப்ப. கை அவசரம் உனக்கு.”

“இல்லண்ணா, நான் திரும்பத் திரும்ப...”

“இத பாரும்மா. நான் இதுல எத்தன பாட்டு முடிச்சிருக்கேன்? எனக்கு நிக்குது, உனக்கு நிக்கலன்னா கோளாறு எங்க இருக்கு? ஒழுங்காக் கத்துக்க. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சேத்துக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்காத.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் தையல் மெஷினும் நின்றிருந்தது. சுவரை யாரும் தட்டவில்லை, அது தானாக நின்றது. பள்ளிக்கூடத்தில் அந்த வேலையைக் கண் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு என்பார் சவுண்டுக்காரர். பேச்சை வெட்டி ஒட்டிய இடத்தில் அந்த வெறும் சத்தத்தைப் போட்டு நிரப்பாவிட்டால், நடக்கிறவன் குழியில் கால் விட்ட மாதிரி இருக்குமாம். அதற்காக அடிக்கடி அறையைக் காலியாக விட்டுப் பதிவு செய்வார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். அன்றைக்கு நாள் முழுக்க மழை, தகரக் கூரையில் சடசடவென்று. திடீரென்று விட்டது. மறுபடி பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கைக்கடக்கமான ரிக்கார்டரை ஓடவிட்டுத் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, காலையில் போட்ட துண்டு கேட்டில் அப்படியே தொங்க, டீக்கடைக்கு நடந்துவிட்டார். அவர் மூச்சுகூட விழக்கூடாதல்லவா?

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினார். கூரையிலிருந்து சொட்டும் நீர். பிறகு டிராயர் திறக்கும் கிறீச். அந்தக் கிறீச்சை அவர் எங்கிருந்தாலும் கண்டுகொள்வார், எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி அலுத்த டிராயர். பிறகு, டிக். டிக் டிக்.

அதற்கப்புறம்தான் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தெரு நின்றது.

“துண்டு தொங்குதுக்கா” என்றது ஸ்பீக்கரில் தம்பியின் குரல்.

“காலையில போட்டது, எடுக்க மறந்திருப்பாரு. நீ சீக்கிரம் முடி. கடையில இன்னிக்குக் கூட்டமில்ல, வந்துருவாரு.”

டிக். டிக்.

“இந்த இடத்துல மாமா எவ்வளவு வச்சார்னு சரியாப் பாக்கலையே.”

“எவ்வளவோ வச்சாரு, ரொம்ப அமுங்கியிருந்துச்சு. டிப்போ பாட்டுல ஏத்தின மாதிரி கொஞ்சம் தூக்கி விடு.”

“மாமாவுக்குத் தெரிஞ்சிரும்.”

“போன தடவ தெரிஞ்சுதா? காலையில கேட்டுட்டு, நேத்து இவ்வளவு நல்லாவா பண்ணேன்னாரு. நீங்கதான பண்ணீங்கன்னேன். பச்சப்புள்ள மாதிரி சிரிச்சாரு.”

இதுவரை கேட்டபின்தான் “யாரு தொட்டது?” என்று ஆரம்பித்தது. தெரிந்தேதான் கேட்டார். அவர்கள் வாயால் வரட்டும் என்று.

தம்பி வாயால்தான் முதலில் வந்தது. கோடு கீபோர்டில் தட்டினால் அப்போதைக்குக் கேட்கும், மூடித் திறந்தால் மறைந்துவிடும். மென்பொருளின் வயிற்றுக்குள் போய்ப் பார்க்க அவனிடம் சாவி இல்லை. நாளைக்குச் சரிசெய்துவிடலாம் என்று பெட்டிக்காரியின் வாயில் ‘பதிவாகிவிட்டது’ என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டான். நாளை வரவில்லை. அவர் வேலையை மூடிவிட்டு டீக்கு எழுந்ததும், அவர் வைத்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் நினைவிலிருந்து மவுசால் வரைந்து வைப்பான்.

“நீங்க வச்சதத்தான் மாமா வச்சேன். என் இஷ்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கல.”

“உன் இஷ்டத்துக்கு வைக்கல. உங்கக்கா இஷ்டத்துக்கு வச்ச.”

அவர் அதோடு விடவில்லை.

“அந்தப் பொண்ணு போன் பண்ணப்ப நீ எங்க இருந்த?”

“...இங்கதான்.”

“பக்கத்துல?”

“பக்கத்துல.”

“அவளக் கை அவசரக்காரின்னேன். கெட்ட பேர் வாங்கிக் குடுக்காதன்னேன். பன்னத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தியாடா?”

அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரம் இரைந்த இரைச்சலில் மற்றதெல்லாம் எங்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. தம்பி குடையில்லாமல் இறங்கிப் போனதை மட்டும் பார்த்தோம்.

மறுநாள் பின்படிக்கட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது காற்றில் வந்தது. காற்று இந்தப் பக்கம் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

“உங்களுக்காகத்தான் செஞ்சேன்” என்றாள் அவள். “காதப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டிருந்தீங்களே, அதப் பாக்க முடியல.”

“அன்னிக்கே உனக்குத் தெரியுமா? காது போகல, அந்த இணைப்புதான் கோளாறுன்னு?”

“அன்னிக்குச் சாயங்காலம் தம்பி சொன்னான். சரி பண்ணிட்டு உங்ககிட்ட சொல்றேன்னான்.”

“தெரிஞ்சும் சளின்னு கஷாயம் போட்டுக் குடுத்த.”

அவரே தொடர்ந்தார்.

“உனக்குக் குடிச்சுக் காட்டணும்னு அத மிச்சம் வைக்காமக் குடிச்சேன்.”

“சொன்னா ஒடஞ்சு போயிருவீங்கன்னு பயந்தேங்க.”

“ஒடஞ்சா ஒட்டிக்கிட்டிருப்பேன். இப்ப எது ஒடஞ்சிருக்குன்னே தெரியலையே. எந்தப் பாட்டுல எது என்னுது, எது உன்னுது? கண்டக்டர் குரல் எழும்புற இடம் இருக்கே, அத நான் கீழதான் வச்சேன். கூட்டத்துக்குள்ளேருந்து ஒருத்தன் பாடுற மாதிரி கேக்கணும்னு. காலையில கேட்டா தனியா நிக்குது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.”

“நல்லாத்தான இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். “அதுதான் தாங்க முடியல.”

மண்டப நாள் நெருங்கியபோது தம்பி வந்தான். முன்னறைக்குள் போகவில்லை, வாசற்படியிலேயே நின்றான்.

“மாமா, ஒரே ஒரு தடவ. மேடையில பாட்ட முடிச்சுக் காட்டுங்க, மூட வேண்டாம், திறக்க வேண்டாம், அப்படியே எறங்கிருங்க. வேலையில சேந்ததும் உள்ள இருந்தே சரி பண்ணிருவேன். எல்லாருக்கும் நல்லது. அந்த டீச்சருக்கும் நல்லது. இல்லன்னா இணைப்பே வேணாம்னு கம்பெனி தூக்கிப் போட்டுட்டா? உங்களுக்குப் பழையபடி பட்டன் பட்டன்தான்.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெருவில் பாதிப் பேர் அவன் கட்சிதான். தையல்காரி கதவு மறைவில் நின்று சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சவுண்டுக்காரர் முகத்தை அவன் பக்கம் திருப்பாமல், “வரேன்” என்றார்.

“கோவம் போயிடுச்சா மாமா?”

“வரேன்னு சொன்னேன்.”

அந்த ‘வரேன்’ போதும் என்று அவன் போனான். அக்காளும் மூச்சு விட்டாள். நாங்கள் வேன் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். நர்ஸ் லீவு போட்டார்.

மண்டபம் கொள்ளாத கூட்டம். கைக்கோல்கள் நாற்காலிக்கு நாற்காலி சாய்ந்திருந்தன. பளபள ஷூக்காரர் மேடையில் ஒரு கால், தரையில் ஒரு காலாக ஓடிக்கொண்டிருந்தார். தம்பி புதுச் சட்டையில் முதல் வரிசை. சவுண்டுக்காரர் உட்கார்ந்து, பெட்டிக்காரியைக் கூட்டத்துக்காக மெதுவாகப் பேசவிட்டு, விரலை ஓட்டினார். கண்டக்டரின் குரலைத்தான் எடுத்துக்கொண்டார். ஏற்றினார், இறக்கினார். அந்த இடம் வந்தபோது குரலைக் கீழேயே வைத்தார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தன் பாடுகிற மாதிரிதான் கேட்டது. “கோடு பதிவாகிவிட்டது” என்றாள் பெட்டிக்காரி. கைதட்டல் ஓயவே இல்லை. ஷூக்காரர் மைக்கை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

“கொஞ்சம் இருங்க” என்றார் சவுண்டுக்காரர். “மூடிட்டுத் திறக்கிறேன்.”

தம்பி பாதி எழுந்தான். தையல்காரி அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். உட்கார வைக்கவா, எழுப்பிவிடவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மூடினார். திறந்தார். ஓடவிட்டார். பாட்டு சமதளமாக, தோசைக்கல் மாதிரி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் ஓடியது. கூட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் காதால் வாழ்கிறவர்கள்.

“இவ்வளவுதான் இருக்கு” என்றார். “இது நிக்கலன்னு ஒரு பாட்டு டீச்சர் எங்கிட்ட முன்னாடியே சொல்லிச்சு. அவ கை சரியில்லன்னு சொன்னேன். அவ கை சரியாத்தான் இருந்துச்சு. தனியா முடிச்சேன்னு நான் சொன்ன எந்தப் பாட்டும் நான் தனியா முடிச்சதில்ல.” அவ்வளவோடு எழுந்துவிட்டார். மேடைப் படியில் இறங்கும்போது தையல்காரி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கினார்.

வேனில் திரும்பி வரும்போது தெரு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வீட்டுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம், ‘வரேன்’ என்று நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார் என்று ஒரு கட்சி. மச்சான் அறுக்கும்போது வலிக்கவில்லையா என்று இன்னொரு கட்சி. இஸ்திரிக் கடைக்காரர் மட்டும், “ரெண்டு கழுத்தும் ஒரே குடும்பம்தானப்பா” என்றார்.

கம்பெனி இணைப்பைத் தூக்கிப் போடவில்லை. உள்ளே வேலை செய்கிற ஒரு பெண் பார்த்துவிட்டு, இது சின்ன வேலைதானே, ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் செய்து கொடுத்திருப்போமே என்றாளாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று கம்பெனியிடம் சொன்ன தம்பி, முடியவில்லை என்று எந்த வாயால் கேட்பான்? அடுத்த பதிப்பில் கோடு நின்றது. தம்பிக்குச் சொன்ன வேலை நிற்கவில்லை. புதுப் பதிப்புகளைச் சோதித்துச் சொல்லும் வேலை பாட்டு டீச்சருக்குப் போயிற்று. அவள் எங்கள் தெருவுக்கே, நர்ஸ் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். சவுண்டுக்காரர் வீட்டுக்கு அடிக்கடி வந்து போவாள் என்று கேட்டு ஆவலாக இருந்தோம். ஆறடி உயரத்தில் ஒரு புருஷனையும், அழுதால் துண்டுச் சட்டத்தையெல்லாம் மதிக்காத ஒரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாயை அடைத்துவிட்டாள்.

தம்பி வெளியூரில் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்குப் போனான். அங்கேயே பார்மசியில் இருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மாமா போகவில்லை. தையல்காரி பெட்டியோடு தனியாகப் போனாள். திரும்ப மாட்டாள் என்று தெருவில் பந்தயமே கட்டினார்கள். திரும்பிவிட்டாள். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடத்தை விட்டுத்தான் நிற்கிறாள்.

டிப்போ பாட்டைச் சவுண்டுக்காரர் புதுக் கோட்டில் முழுக்கத் திரும்பச் செய்தார், குரலைத் தான் முதலில் வைத்த இடத்திலேயே வைத்து. டிப்போக்காரர்களுக்குப் பழசுதான் பிடித்திருக்கிறது, இன்னும் அதைத்தான் போடுகிறார்கள். இவர் தம்முடையதை முன்னறையில் அவ்வப்போது போட்டுக் கேட்கிறார். உள்ளறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி வண்டி போய்விடுகிற அந்த இடம் வரும்போது, சுவரை யாரும் தட்டாமலே, மெஷின் நிற்கும். வரி முடிந்ததும் ஓடும். நிற்பது அவருக்கும் கேட்கும். பாட்டை முதலிலிருந்து போடுவார்.